கத்தி பிடித்தவனும் கை பிடித்தவனும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "ஏதாவது எழுதிக் கொடுப்பா. ஆனா கேண்டீன் டீ, ஹாஸ்டல் சாம்பார், மரத்தடி பெஞ்ச் இதெல்லாம் வேண்டாம். ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிட்டாங்க" என்றார் சீனியர் அண்ணன். "சரித்திரம் எழுதட்டுமாண்ணா?" என்று கேட்டேன். "நீ மெக்கானிக்கல்தானே?" என்றார், கொஞ்சம் சந்தேகத்தோடு.

மெக்கானிக்கல்தான். 2010-ல் இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போனவன். பகலெல்லாம் பம்பு, பேரிங், வால்வு என்று பிழைப்பு. ராத்திரி தூக்கம் வராத நேரத்தில் பழைய ரோமாபுரிச் சரித்திரத்தைப் படிக்கிற வியாதி ஒன்று சில வருஷமாகப் பிடித்திருக்கிறது. அந்த வியாதியைத் தொற்ற வைத்ததே நம் கல்லூரிதான். இரண்டாம் ஆண்டு ஹாஸ்டல் டேயில் நாங்கள் போட்ட 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைப் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். மறக்க முயன்றிருப்பார்கள்!

ஷேக்ஸ்பியரைத் தமிழில் அரை மணி நேரத்துக்குச் சுருக்கினோம். ரோமானிய அங்கிக்கு ஹாஸ்டல் பெட்ஷீட். கத்திக்கு அட்டையும் ஜிகினாத் தாளும். ரத்தத்துக்கு மெஸ்ஸிலிருந்து தக்காளி சாஸ். அடுத்த மூன்று நாள் அந்த மேடையில் எறும்பு மொய்த்தது. சீசராக நடித்தவன் செத்து விழுந்த பிறகு தும்மினான். அன்றைக்குப் பெரிய கைத்தட்டல் அதற்குத்தான்.

புரூட்டஸாக நடித்தவன் என் ரூம்மேட். ஒல்லி உடம்பு, கனத்த குரல். சீசரைக் கொன்றுவிட்டு, ஏன் கொன்றேன் என்று ஜனங்கள் முன் நின்று அவன் பேசியபோது பின்வரிசை விசில்கூட நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவனுக்கு 'புரூட்டஸ்' என்றே பெயர். ஆசையாக வைத்த பெயர்தான், அப்போது.

எனக்குக் கிடைத்தது டெசியஸ் என்ற சில்லறை வேஷம். மொத்தம் ஆறு வசனம். சபைக்குப் போகலாமா வேண்டாமா என்று தயங்கும் சீசரிடம் நைச்சியமாகப் பேசி வீட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு வரவேண்டும். அவ்வளவுதான். 'இதெல்லாம் ஒரு வேஷமா?' என்று சலித்துக்கொண்டேன். அந்த ஆறு வசனத்துக்குள் என்ன இருந்தது என்று புரிய எனக்குப் பல வருஷம் பிடித்தது.

கி.மு. 44, மார்ச் 15

நம் ஊரில் சீசரைத் தெரியாதவர் குறைவு. 'சொர்க்கம்' (1970) படத்தில் சிவாஜி கணேசன் சீசராக வரும் காட்சியைப் பார்த்தே பலருக்குத் தெரியும். ரோமாபுரி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கூட, கூட இருந்தே குழி பறித்தவனை 'சரியான புரூட்டஸ்டா நீ' என்று திட்டுவார். ஒரு மனிதனின் பெயர் இரண்டாயிரம் வருஷம் தாண்டி, கடல் தாண்டி, வேறொரு மொழியில் வசவாகப் புழங்குவது சாதாரண விஷயமா? சரி, அன்றைக்கு நடந்தது என்ன?

ரோமின் வழக்கமான சபை மண்டபத்தைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் செனட் சபை அன்று கூடியது பாம்ப்பி என்ற தளபதி கட்டிய நாடக அரங்க வளாகத்தில் இருந்த ஒரு கூடத்தில். ரோம் நகரத்தின் முதல் நிரந்தரக் கல் நாடக அரங்கம் அது. கி.மு. 55-ல் திறந்தது. உலகத்தின் மிகப் பிரபலமான துரோகம் ஒரு நாடகக் கொட்டகையை ஒட்டி நடந்தது என்று கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்! அந்தக் கூடத்தின் இடிபாடுகள் இன்றைய ரோமில் லார்கோ அர்ஜென்டினா சதுக்கத்தில் கிடக்கின்றன. தெருப் பூனைகள் அங்கே குடும்பம் நடத்துகின்றன. 2023-ல் நடைபாதை போட்டு ஜனங்களை உள்ளே விட்டார்கள்.

சதியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் என்று சுவெட்டோனியஸ் எழுதுகிறார். சீசர் தன் மெய்க்காவலர்களை அதற்கு முன்பே அனுப்பிவிட்டிருந்தார். 'உங்கள் உயிரை நாங்கள் காப்போம்' என்று செனட்டர்கள் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்கள். சத்தியம் செய்த கைகள்தான் கத்தியை எடுத்தன. உடம்பில் 23 காயம். அன்டிஸ்டியஸ் என்ற வைத்தியர் பரிசோதித்துவிட்டு, அவற்றில் ஒரே ஒரு குத்துதான், நெஞ்சில் விழுந்த இரண்டாவது குத்துதான் உயிரை வாங்கியது என்றார். சரித்திரத்தில் பதிவான மிகப் பழைய பிரேதப் பரிசோதனைகளில் இதுவும் ஒன்று.

எங்கள் தொழிலில் இதைத்தான் தினமும் செய்கிறோம். ஒரு ஷாஃப்ட் முறிந்தால் உடைந்த முகத்தைக் கழுவி, லென்ஸ் வைத்துப் பார்ப்போம். கண்ணில் படுகிற பெரிய பிளவு கடைசியாக வந்ததாக இருக்கும். காரணம் எங்கேயோ ஓரத்தில் தலைமுடி போல ஒரு விரிசலில் இருக்கும். அதை யாரும் போட்டோ எடுத்திருக்க மாட்டார்கள். துரோகமும் அப்படித்தானோ என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

பிரபலமான புரூட்டஸ்

மார்க்கஸ் புரூட்டஸின் வம்சக் கதை பெரியது. அவன் முன்னோராகச் சொல்லப்படும் லூசியஸ் புரூட்டஸ், கி.மு. 509-ல் ரோமின் கடைசி ராஜாவை விரட்டிக் குடியரசை உண்டாக்கியவர் என்பது ரோமானிய மரபு. ராஜாவைத் திரும்பக் கொண்டுவரச் சதி செய்த தன் பிள்ளைகளுக்கே மரண தண்டனை கொடுத்தார் என்றும் சொல்வார்கள். கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியும்.

மார்க்கஸின் அப்பாவைக் கொன்றது பாம்ப்பி. ஆனாலும் உள்நாட்டுப் போர் வந்தபோது, குடியரசின் கட்சி இதுதான் என்று சொல்லி, அப்பாவைக் கொன்ற அதே பாம்ப்பி பக்கம் போய் நின்றான் மார்க்கஸ். கி.மு. 48-ல் பார்சாலஸ் யுத்தத்தில் பாம்ப்பி தோற்றதும் சீசர் அவனை மன்னித்தார். மன்னித்ததோடு நிற்காமல் பதவிமேல் பதவி கொடுத்தார். அவரைத்தான் அவன் குத்தினான். நம் பட்டிமன்றங்களில் விபீஷணனா கும்பகர்ணனா என்று காலங்காலமாக நடக்கிற வழக்குதான் இது. செஞ்சோற்றுக் கடன் பெரிதா, தர்மம் பெரிதா? தீர்ப்புச் சொல்ல நடுவருக்கே வியர்க்கும்.

அவனை ஒரேயடியாக உத்தமன் என்றும் சொல்லிவிட முடியாது. சைப்ரஸ் தீவில் சலாமிஸ் என்ற ஊருக்கு அவன் ஆட்கள் மூலமாகக் கடன் கொடுத்திருந்தான். வட்டி 48 சதவீதம்! நம் ஊர்க் கந்துவட்டிக்காரர்கள் எழுந்து நின்று கும்பிடலாம். வசூலுக்குப் போன ஆசாமி குதிரைப்படையோடு அந்த ஊர்ச் சபையை முற்றுகை போட்டதில் சபை உறுப்பினர்கள் ஐந்து பேர் பட்டினியால் செத்தார்கள் என்று சிசரோ கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். கொலைக்குப் பிறகு அவன் ஒளியவில்லை. ஜனங்கள் முன் வந்து நின்று, செய்தது நான்தான், காரணம் இது என்று பேசினான். சாகும்போது சீசர் அவனைப் பார்த்து நீயுமா என்று கேட்கும் அந்தப் புகழ்பெற்ற லத்தீன் வசனம் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் இருப்பது. முதல் குத்துக்கு ஒரு முனகலைத் தவிர சீசர் ஒன்றும் பேசவில்லை என்கிறார் சுவெட்டோனியஸ். கிரேக்க மொழியில் 'பிள்ளாய்' என்று விளித்து ஏதோ கேட்டதாகச் சிலர் சொல்வதையும் சேர்த்துக் குறிக்கிறார். புரூட்டஸின் கையில் கத்தியைப் பார்த்ததும் சீசர் அங்கியால் தலையை மூடிக்கொண்டார் என்று புளூட்டார்க் சொல்வார். எப்படியோ, அந்த ஒரு நிமிஷம் ஒரு மனிதனின் பெயரை நிரந்தரமாகக் கெடுத்துவிட்டது. பதினான்காம் நூற்றாண்டில் இத்தாலியக் கவி தாந்தே நரகத்தின் அடிப்பாகத்தில் யூதாஸின் பக்கத்திலேயே புரூட்டஸையும் காசியஸையும் போட்டுவிட்டார்.

இன்னொரு புரூட்டஸ்

இப்போது என் வேஷத்துக்கு வருகிறேன். நாடகத்தில் டெசியஸ் என்று வரும் ஆளின் உண்மையான பெயர் டெசிமஸ். முழுப்பெயர் டெசிமஸ் ஜூனியஸ் புரூட்டஸ் அல்பினஸ். ஆமாம், இவனும் புரூட்டஸ்தான்! ஷேக்ஸ்பியர் நம்பியிருந்த, 1579-ல் வந்த தாமஸ் நார்த்தின் புளூட்டார்க் மொழிபெயர்ப்பில் பெயர் பிசகி, அப்படியே மேடையேறிவிட்டது.

மார்க்கஸ், எதிர்க்கட்சியில் இருந்து மன்னிப்புப் பெற்று வந்தவன். டெசிமஸ் அப்படி இல்லை. ஆரம்பத்திலிருந்தே சீசரின் ஆள். கி.மு. 56-ல் கால் தேசத்தில் சீசரின் கப்பற்படையை நடத்தி ஜெயித்துக் கொடுத்தவன். கி.மு. 49-ல் மசீலியா முற்றுகையிலும் கடற்படைத் தலைவன் அவன்தான். கி.மு. 42-க்குக் கான்சல் பதவி அவனுக்கு என்று சீசர் முன்கூட்டியே ஒதுக்கியிருந்தார். உயிலைப் பிரித்துப் படித்தபோது, முதல் வாரிசுகள் இல்லாமல் போனால் சொத்து சேரவேண்டிய இரண்டாம் வரிசை வாரிசுகளில் டெசிமஸ் பெயர் இருந்தது.

கொலைக்கு முந்தின ராத்திரி லெப்பிடஸ் வீட்டில் விருந்து. சீசர் தன்னோடு டெசிமஸையும் கூட்டிப் போயிருந்தார் என்று அப்பியன் எழுதுகிறார். எந்த மாதிரிச் சாவு நல்லது என்று அங்கே பேச்சு வந்ததாம். எதிர்பாராமல் வருவதுதான் என்றாராம் சீசர். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் கவளம் எப்படி உள்ளே இறங்கியது? உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று நம் பாட்டிமார்கள் சொல்வது இதைத்தான்.

மறுநாள் காலை, மனைவி கல்பூர்னியா கெட்ட கனவு கண்டதாகச் சொல்ல, சீசர் சபைக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். சதிகாரர்களுக்குப் பதற்றம். டெசிமஸ் வீட்டுக்குப் போனான். சகுனம் பார்ப்பவர்களைக் கேலி பண்ணினான். 'உங்களுக்காகச் சபை காத்திருக்கிறது, மனைவிக்கு நல்ல கனவு வந்ததும் வருகிறேன் என்றா சொல்லி அனுப்புவது?' என்கிற தோரணையில் பேசினான். பிறகு சீசரின் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனான் என்று புளூட்டார்க் எழுதுகிறார்.

கையைப் பிடித்து!

கத்தி பிடித்தவன் பெயர் உலகத்துக்கே தெரிந்தது. கை பிடித்தவன் பெயர் நாடகத்தில் தப்பாக அச்சாகி, ஆறு வசனத்தோடு காணாமல் போனது. அவன் இல்லாவிட்டால் அன்றைக்குச் சீசர் வீட்டை விட்டே வந்திருக்க மாட்டார். டெசிமஸின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். மறு வருஷமே, கி.மு. 43-ல், ஓடி ஒளிந்தவன் தனக்குப் பழக்கமான, தன்னால் நன்மை அடைந்த ஒரு கால் தேசத் தலைவனிடம் அடைக்கலம் கேட்டான். அந்தத் தலைவன் உபசரித்துக்கொண்டே ஆண்டனிக்கு ஆள் அனுப்பி, உத்தரவு வந்ததும் கொன்றுவிட்டான்.

கூட்டமும் விசுவாசமும்

ஆண்டனி என்றதும் நமக்கு விசுவாசம்தான் ஞாபகம் வரும். நண்பனின் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று பேசி, ஊரையே திருப்பினவன். அந்தப் பேச்சில் எழுந்த கூட்டம் என்ன செய்தது தெரியுமா? சின்னா என்ற பெயருள்ள ஒருவரைத் தெருவில் பிடித்து அடித்தே கொன்றது. அவர் ஹெல்வியஸ் சின்னா, கவிஞர், சீசரின் நண்பர். கூட்டம் தேடியது கார்னீலியஸ் சின்னா என்ற வேறு ஆளை. பெயர் ஒன்றாக இருந்தது, அது போதும்! நாடகத்திலும் இந்தக் காட்சி உண்டு. நேரம் போதாது என்று நாங்கள் வெட்டிவிட்டோம். வெட்டியிருக்கக் கூடாது.

அடுத்த வருஷமே ஆண்டனியும் ஆக்டேவியனும் லெப்பிடஸும் உட்கார்ந்து, கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியல் போட்டார்கள். சிசரோவை ஆக்டேவியன் விட்டுக்கொடுத்தார். லெப்பிடஸ் சொந்த அண்ணனை விட்டுக்கொடுத்தார். விசுவாசத் திலகம் ஆண்டனி தன் தாய்மாமனையே பட்டியலில் எழுதச் சம்மதித்தார். அந்த மாமாவைக் காப்பாற்றியது ஆண்டனியின் அம்மா ஜூலியா. வாசலை மறித்து, உங்கள் தளபதியைப் பெற்ற என்னைக் கொன்றுவிட்டு உள்ளே போங்கள் என்று வீரர்களிடம் சொன்னாளாம் அந்த மகராசி. மேடையேறாத விசுவாசம் இதுதான். அவளுக்கு ஷேக்ஸ்பியர் ஒரு வசனம்கூடத் தரவில்லை.

இன்னும் மூன்று பேரைச் சொல்ல வேண்டும். குத்து விழுந்ததும் சபை முழுக்க ஓடிவிட்டது. சத்தியம் செய்தவர்கள், பதவி வாங்கினவர்கள், எல்லோரும். உலகத்தை ஆண்டவரின் உடம்பு கொஞ்ச நேரம் அனாதையாகக் கிடந்தது. பிறகு மூன்று அடிமைகள் வந்து பல்லக்கில் வைத்து வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். ஒரு கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது என்கிறார் சுவெட்டோனியஸ். பல்லக்குத் தூக்க எப்போதும் ஆள் கூடுதலாக வேண்டும். இருந்தது மூன்றே பேர். சமநிலை சரியாக இருந்திருக்காது. அந்த மூன்று பேரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பிடித்துப் போகப்பட்ட கை, அன்று அப்படித்தான் வீடு திரும்பியது.

மார்க்கஸ் புரூட்டஸின் கடைசி நாளும் நினைக்க வேண்டியது. கி.மு. 42-ல் பிலிப்பி யுத்தத்தில் தோற்று ஓடும்போது, லூசிலியஸ் என்ற நண்பன் 'நான்தான் புரூட்டஸ்' என்று சொல்லி எதிரிகளிடம் பிடிபட்டு, புரூட்டஸ் தப்ப வழி செய்தான். உண்மை தெரிந்த ஆண்டனி அவனைக் கொல்லாமல் நண்பனாக்கிக்கொண்டார். தற்கொலை செய்துகொள்வதற்கு முன், தன் நண்பர்களில் ஒருவர்கூடத் தன்னைக் கைவிடவில்லை என்பதே தன் சந்தோஷம் என்று புரூட்டஸ் சொன்னதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். உலகமே துரோகி என்று சொன்னவனுக்கு வாய்த்த பாக்கியம் அது!

மேடையிலிருந்து இறங்கி

இந்த நாடகத்தை 1599 செப்டம்பர் 21 அன்று லண்டனில் பார்த்ததாக தாமஸ் பிளாட்டர் என்ற சுவிட்சர்லாந்துப் பயணி குறித்து வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் மேடை. அதில் ஒன்று 1864 நவம்பர் 25, நியூயார்க். மூன்று அண்ணன் தம்பிகள் சேர்ந்து 'ஜூலியஸ் சீசர்' நடித்தார்கள். எட்வின் பூத் புரூட்டஸ். ஜூனியஸ் பூத் காசியஸ். ஜான் வில்க்ஸ் பூத் ஆண்டனி. அவர்கள் அப்பாவின் பெயரே ஜூனியஸ் புரூட்டஸ் பூத்! ஐந்து மாசம்கூட ஆகவில்லை. 1865 ஏப்ரல் 14 ராத்திரி, வாஷிங்டனில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்த ஜனாதிபதி லிங்கனை ஜான் வில்க்ஸ் சுட்டான். ஓடி ஒளிந்த நாட்களில், புரூட்டஸுக்குப் புகழ் தந்த காரியத்தைத்தானே நானும் செய்தேன் என்று டைரியில் அங்கலாய்த்தான். அண்ணன் எட்வினோ லிங்கனுக்கு ஓட்டுப் போட்டவர். அதற்கு முன்பே ஒரு ரயில் நிலையத்தில் பிளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் நடுவே விழுந்த லிங்கனின் மகனை, யாரென்று தெரியாமலே, காலரைப் பிடித்துத் தூக்கிக் காப்பாற்றியவர். ஒரே வீட்டில், ஒரே நாடகத்தைப் படித்து வளர்ந்தவர்கள்தான் இருவரும்.

மொட்டை மாடி

ஊர்க் கதை இவ்வளவு சொன்னவன் சொந்தக் கதையைச் சொல்லாமல் போனால் நியாயம் இல்லை.

மூன்றாம் ஆண்டு. ஒரே நாளில் இரண்டு இன்டர்னல் டெஸ்ட் வைத்தார்கள். எதிர்ப்புக் காட்ட யாரும் எழுதக் கூடாது என்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் கூடி, கையில் கை அடித்துச் சத்தியம் செய்தோம். என் செட் நண்பர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். எல்லோரும் கை அடித்தபோது ஒருவன் மட்டும் அடிக்கவில்லை. "என்னால முடியாதுடா. எனக்கு ஸ்காலர்ஷிப் நின்னுடும். நான் எழுதத்தான் போறேன். ஒளிச்சுச் செய்ய விரும்பல, அதான் இங்கேயே சொல்றேன்" என்றான். ஆமாம், என் ரூம்மேட். ஓர் அறக்கட்டளைப் பணத்தில் அவன் படித்துக்கொண்டிருந்தது கூட்டத்தில் மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அப்போது கூட்டத்திலிருந்து "டேய் புரூட்டஸ்!" என்று ஒரு குரல் வந்தது. அதுவரை செல்லப் பெயராக இருந்தது, அந்த நிமிஷத்திலிருந்து வசவானது. அந்தக் குரல் என்னுடையது.

அவன் தனியாகப் போய் டெஸ்ட் எழுதினான். அதற்குப் பிறகு நாம் அவனோடு பேசவில்லை. மெஸ்ஸில் அவன் தட்டோடு வந்தால் பெஞ்ச் காலியாகும். ரெக்கார்டு நோட்டு யாரும் தரவில்லை. நான் ரூம் மாற்றிக்கொண்டேன்.

யாருக்கும் தெரியாத பாகம் இது. எழுதாதவர்கள் பெற்றோர் கையெழுத்தோடு மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் பூஜ்யம் என்று டிபார்ட்மெண்டில் சொன்னார்கள். தருவதில்லை என்று மறுபடியும் மாடியில் சத்தியம். மூன்றாம் நாள் நான் கொடுத்துவிட்டேன். கேம்பஸ் இன்டர்வியூ போய்விடுமோ என்ற பயம். அப்பா ஊரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார். விஷயம் வெளியே வராது என்று உறுதி சொன்னார்கள், வரவில்லை. பத்து நாளில் டிபார்ட்மெண்டே இறங்கி வந்து எல்லோருக்கும் மறு டெஸ்ட் வைத்தது. 'நம்ம ஒற்றுமை ஜெயிச்சுது' என்று மாடியில் கொண்டாடினோம். நானும் ஆடினேன்.

இறுதியாண்டில் எனக்கு மஞ்சள் காமாலை. ஸ்டடி ஹாலிடேஸ், ஹாஸ்டலில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். நடக்க முடியாமல் கிடந்த என்னை ராத்திரி பதினொரு மணிக்குப் படியில் தூக்கிக்கொண்டு இறங்கி, ஆட்டோவில் போட்டு, ஜி.எச்.சில் சேர்த்தது இரண்டு பேர். மெஸ்ஸில் பரிமாறும் அண்ணன் ஒருவர். இன்னொருவன் அவன். கூடவே உட்கார்ந்திருந்தான். பேசவில்லை; நாம்தான் பேசக் கூடாது என்று வைத்திருந்தோமே. காலையில் அப்பா வந்ததும் எழுந்து போய்விட்டான்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சுவெட்டோனியஸில் அந்த மூன்று அடிமைகளைப் படித்த ராத்திரிதான், எந்த வேஷம் யாருடையது என்று எனக்கு உறைத்தது.

போன மாதம்

அவன் இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் சொல்லிக்கொடுக்கிறான். நம்பர் தேடிப் பிடித்துப் பேசினேன். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்து, "டேய், ஒண்ணு சொல்லணும். அந்த டெஸ்ட் சமயத்துல நான்..." என்று இழுத்தேன்.

"லெட்டர் குடுத்தியே, அதானே?" என்றான்.

எனக்குப் பேச்சு வரவில்லை.

"அப்பவே தெரியும்டா. போனஃபைடு சர்ட்டிஃபிகேட் வாங்க ஆபீஸுக்குப் போனேன். ஃபைல்ல மேலாப்புல இருந்துச்சு. உன் பேரு, உங்க அப்பா கையெழுத்து."

"ஏண்டா யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லி? எனக்கு மெஸ்ல பெஞ்ச் காலி பண்ணாங்க. உனக்கும் பண்ணுவாங்க. அதுல எனக்கு என்ன கிடைக்கும்?"

கோபம் இல்லையா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "இருந்துச்சு. லெட்டர் குடுத்ததுக்கு இல்ல. பயந்துட்ட, சரி. ஆனா அதுக்கப்புறமும் நீ என்கூடப் பேசாம இருந்தியே, அதுக்கு" என்றான்.

பயத்தில் செய்தது ஒரு நாள் வேலை. அதை மறைக்க அவனைத் துரோகி ஆக்கி வைத்தது மூன்று செமஸ்டர் வேலை. கணக்கு அவனுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்று மட்டும். கூட்டத்தில் ஒருவன் எழுந்து "என்னால முடியாது" என்று முகத்துக்கு நேரே சொன்னால், கத்துவதற்கு முன்னால் ஏன் என்று ஒரு தடவை கேளுங்கள். முதலில் கத்துகிறவன் யார் என்றும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.

இதை மலரில் எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். "எழுது. என் பேரைப் போடாதே" என்றான். போடவில்லை. ரீயூனியனுக்கு வர்றியா என்றதற்கு "பாக்கலாம்" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் ஒரு சந்திப்புக்கும் வந்ததில்லை என்பது என் செட்காரர்களுக்குத் தெரியும். ஏன் என்பதும் இப்போது தெரிந்திருக்கும்.

வந்தான் என்றால், நண்பர்களே, பழைய பட்டப் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று அவனுக்கு இருக்கிறது. யாருக்காவது மறந்திருந்தால் என்னைக் கேளுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் பக்கத்து நாற்காலியை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள்.